ஊசி ஆடாத கை

எங்கள் துறையில் எல்லாரும் அவரை ஐஸ் மேடம் என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே சொல்லமாட்டோம். ஆனாலும் அவருக்குத் தெரியும். ஒருநாள் நான் தொலைபேசியில் யாரிடமோ, "ஐஸ் மேடம் வகுப்புல இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று கேட்டவர், "வகுப்பு முடிஞ்சுது, உருகி வந்துட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

நான் அந்த உளவியல் துறையின் கருவி மெக்கானிக். மின்விசிறி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஆய்வுக் கருவி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேடம் விரிவுரையாளராக வந்து சேர்ந்தபோது அவருக்கு இருபத்தொன்பது வயது, எனக்கு முப்பத்தொன்று. முதல் நாள் மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்குவதற்குள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கட்டிடத்துல ஐஸ் எங்க கிடைக்கும்?"

"கேன்டீன்ல. எதுக்கு மேடம்?"

"வலியை அளக்கணும்."

நான் விளையாட்டாக, "தராசு ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஐஸ் கொண்டுவாங்க. அப்புறம் உங்க கையைக் குடுங்க" என்றார்.

அந்தச் சோதனை பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர். ஐஸ்கட்டி கையில் படாமல் இருக்க நடுவில் ஒரு வலை. கையைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடேறிவிடக் கூடாது என்பதற்காக, மீன்தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார் ஒன்றை நான் பொருத்திக் கொடுத்தேன். ஒரு கை தண்ணீருக்குள். இன்னொரு கையின் இரண்டு விரல்களில் உப்புப் பசை தடவிய சிறு தகடுகள். வலித்தால் விரலில் கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும். வியர்த்தால் மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக ஓடும். ஓடினால் கருவியில் உள்ள மை ஊசி, நகரும் காகிதத்தில் மேலே எழும்பிக் கோடு போடும். இதயத் துடிப்பின் வேகத்துக்கு ஓர் ஊசி, நெற்றித் தசைக்கு ஓர் ஊசி. மனசுக்குள் நடப்பதை உடம்பு எப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்க்கிற படிப்பு அது.

நான் நாற்பத்தொரு வினாடியில் கையை வெளியே இழுத்துவிட்டேன். எலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

"நீங்க எவ்வளவு நேரம் வச்சீங்க மேடம்?"

"மூணு நிமிஷம். ஆனா நான் கோபத்துல வச்சேன். அது கணக்குல சேராது."

யார்மேல் கோபம் என்று அப்போது கேட்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். அவருடைய அப்பா ஒரு பல் மருத்துவரிடம் கம்பவுண்டர். மருந்து கலக்குவதோடு, பல் பிடுங்கும்போது ஆளின் தோளை அழுத்திப் பிடிப்பதும் அவர் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அந்த வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். இடுக்கியைக் கண்டதுமே அலறுகிற ஆளையும் பார்த்திருக்கிறாள், கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினாலும் கம்மென்று இருந்துவிட்டு வெளியே வந்து வாசற்படியில் மயங்கி விழுகிற ஆளையும் பார்த்திருக்கிறாள். பல் மருத்துவருக்கோ அலறுகிறவன் கோழை, அலறாதவன் வீரன். அவ்வளவுதான். அது எப்படி அவ்வளவுதான் ஆகும் என்று அந்தப் பெண்ணுக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கோபத்தோடுதான் படித்தார், அந்தக் கோபத்தோடுதான் எங்கள் மாடிப்படி ஏறினார்.

துறைத் தலைவருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வெள்ளைச் சட்டை கசங்காத பெரிய மனிதர் அவர். "வலியெல்லாம் டாக்டருங்க பார்த்துக்குவாங்கம்மா. நாம ஞாபகசக்தி, கவனம், இந்த மாதிரி பண்ணுவோம்" என்றார்.

"டாக்டருங்க வலியோட காரணத்தைப் பார்க்குறாங்க சார். வலியை யாரும் பார்க்கல" என்று சொல்லிவிட்டு வந்து, என்னிடம் அடுத்த நாளைக்கு எத்தனை வாளி ஐஸ் வேண்டும் என்று கணக்குச் சொன்னார்.

ஐந்து வருடம் அந்தத் தொட்டிதான் எங்கள் வாழ்க்கை. நூற்று நாற்பது மாணவர்கள் கையை விட்டார்கள். மாரடைப்பு வந்ததுபோல் துள்ளியவன் உண்டு, பாட்டுப் பாடியவள் உண்டு, என் பரம்பரையையே இழுத்துத் திட்டியவனும் உண்டு. மேடம் எல்லாவற்றையும் குறித்தார். காகிதம் மடிப்பு மடிப்பாக அலமாரி நிறைந்து, நாற்காலிக்கடியில் நிறைந்து, கடைசியில் என் சாப்பாட்டுப் பெட்டி வைக்கிற இடத்தையும் பிடித்துக்கொண்டது. அப்புறம் கட்டுரை வந்தது. ஊசி எப்படி ஆடுகிறது என்பதை வைத்தே, ஒரு ஆள் எத்தனை வினாடியில் கையை எடுப்பான் என்று கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லலாம் என்று அவர் காட்டியிருந்தார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "உடல் பதில் தராத இடத்தில் வலி இருப்பதாகக் கொள்ள ஆதாரமில்லை."

அந்தக் கட்டுரை அவரை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. வெளிநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் பேராசிரியர் ஆனார். ஞாபகசக்தி பண்ணுவோம் என்ற துறைத் தலைவர், வருகிற விருந்தாளிகளையெல்லாம் ஐஸ் தொட்டிக்கு அழைத்து வந்து, தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினார். கருவி தயாரிக்கும் கம்பெனி ஒன்று, மேடத்தின் ஆய்வை வைத்து 'வலிமானி' என்று ஒரு சின்னப் பெட்டியைச் செய்து சந்தையில் விட்டது. எங்களுக்கும் புதிதாக ஒரு பெரிய கருவியை அன்பளிப்பாகக் கொடுத்தது. ரிப்பன் கட்டி வெட்டினார்கள். எனக்கும் ஒரு புகைப்படத்தில் பாதி முகம் உண்டு.

அதற்கப்புறம் மூன்றாவது வருடம், ஒரு திங்கட்கிழமை காலை. நான் ஊசி முனையில் அடைத்த மையை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். கதவருகே ஒரு பெண் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கக்கத்தில் ஒரு கோப்பு. வலது கையை மெல்லிய துணியால் மூடி, நிரம்பிய டம்ளரைச் சிந்தாமல் கொண்டுபோவதுபோல் முன்னால் நீட்டி வைத்திருந்தார்.

"இங்க வலி டீச்சர் யாரு?"

மேடம் எழுந்து வந்தார். "நான்தான். உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. கோப்பை மேசைமேல் போட்டார். "ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல எனக்கு வேலை. துணி தேய்க்கிற உருளையில கை மாட்டிக்கிச்சு. மூணு வருஷம் ஆகுது. காயம் ஆறிடுச்சு, எலும்பு கூடிடுச்சு. எக்ஸ்ரேயைப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்படுறாங்க. எனக்குத்தான் வலிக்குது."

கோப்பில் இருந்தது தொழிலாளர் விசாரணை மன்றத்தின் கடிதம். வலிமானிச் சோதனையில் ஊசி ஆடவில்லை, ஆகவே இவர் வலி இருப்பதாகப் பாவனை செய்கிறார், வேலைக்குத் திரும்பலாம், நஷ்டஈடு கிடையாது என்று எழுதியிருந்தது. கீழே ஆதாரமாக மேடத்தின் பெயரும் அந்தக் கடைசிப் பக்கத்து வரியும்.

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். "இந்தச் சோதனையை யாரு பண்ணாங்க?"

"சலவைக்கூடத்தை எடுத்து நடத்துற கம்பெனியோட டாக்டர். பத்து நிமிஷம். என் முகத்தை அவர் பார்க்கவே இல்ல. பெட்டியைத்தான் பார்த்துட்டு இருந்தாரு."

"நான் ஒரு தடவை பண்ணிப் பார்க்கலாமா?"

"பண்ணுங்க. நீங்களும் பெட்டியைத்தான் பார்ப்பீங்களா டீச்சர்?"

எங்கள் துறையில் அவரை டீச்சர் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அந்தச் சலவை அக்காதான். மேடம் தகடுகளை எடுத்து அவருடைய இடது விரல்களில் ஒட்டினார். வலது கையிலிருந்து துணியை விலக்கினார். கை பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் பளபளப்பு, கொஞ்சம் நீலம். மேடம் ஒரு துளிப் பஞ்சை எடுத்து அந்தப் புறங்கையில் லேசாகத் தடவினார். பஞ்சுதான்.

சலவை அக்காவின் உதடு வெளுத்துப்போனது. சத்தமே வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன. நான் காகிதத்தைப் பார்த்தேன். மூன்று ஊசிகளும் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் நேர்க்கோடு போட்டுக்கொண்டு போயின.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கருவி என் பொறுப்பு. கம்பியெல்லாம் மாற்றினேன், புதுத் தகடு போட்டேன். பிறகு என் விரலிலேயே ஒட்டிக்கொண்டு, என் தொடையை நானே நறுக்கென்று கிள்ளினேன். ஊசி காகிதத்தை விட்டே வெளியே போகிற மாதிரி எகிறியது.

"மெஷின்ல கோளாறு இல்ல மேடம்."

"தெரியுது. கோளாறு கட்டுரையில."

அன்று அவர் சலவை அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிச் சட்டென்று கேட்கிற சுபாவமும் அவருக்கு இல்லை. "அக்கா, புதன்கிழமை வரமுடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இந்தக் கையோட போகமுடியாம வேலையே போச்சு. வர்றதுக்கு என்ன?" என்றார் அந்த அம்மா.

அவர் போனபின் மேடம் ஐஸ் தொட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மெக்கானிக், அந்த நூத்தி நாப்பது பேரும் யாரு? இருபது வயசுப் பசங்க. ஒரு நோய் நொடி இல்ல. கையை எடுத்தா வலி போயிடும்னு அவங்களுக்குத் தெரியும். இவங்களால கையை எங்க எடுத்துட்டுப் போகமுடியும்? புது வலிக்கு உடம்பு கூப்பாடு போடுது. மூணு வருஷமா ஓயாம கூப்பாடு போட்ட உடம்பு என்ன பண்ணும்? நான் அதைக் கேக்கவே இல்ல. கேக்காமலே ஊருக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்."

அடுத்த இரண்டு வருடம் அவர் மாணவர்களைத் தொடவில்லை. மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, வருடக்கணக்கில் வலியோடு இருக்கிறவர்கள் அறுபத்திரண்டு பேரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார். முதுகுவலிக்காரர்கள், முகநரம்பு வலிக்காரர்கள், வெட்டி எடுத்த கால் வலிக்கிறது என்கிற லாரி டிரைவர் ஒருவர். பத்தொன்பது பேருக்கு ஊசி எகிறியது. இருபத்தைந்து பேருக்கு ஆடவே இல்லை. மீதிப்பேருக்குத் திங்கள் ஆடியது, வெள்ளி ஆடவில்லை. மேடத்தின் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லா எண்களையும் மறுபடி சரிபார்த்தவர் அவர்தான். "இதுல ஏதாவது ஒழுங்கு இருக்கான்னு நானும் முட்டி மோதிப் பார்த்துட்டேன். இல்ல" என்று என்னிடமே சொன்னார். ஊசியை வைத்து வலி உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாது என்பதுதான் முடிவு.

மேடம் அதை அப்படியே எழுதினார். பழைய கட்டுரையின் அந்த வரியை எடுத்துப் போட்டு, இது தவறு, எழுதியவள் நான்தான் என்று முதல் பத்தியிலேயே சொன்னார். கட்டுரை அச்சாவதற்கு முன்பே துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். ஏசி பழுது என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஸ்டூல்மேல் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

"இங்க பாரும்மா. புதுக் கட்டுரை போடு, வேணாங்கல. பழசைத் தப்புன்னு எதுக்குச் சொல்ற? 'மேலும் ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி போட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

"அந்த ஒரு வரியால ஒருத்தங்களுக்கு வேலை போயிருக்கு சார். இன்னும் எத்தனை பேருக்குன்னு தெரியல."

"அது அந்தக் கம்பெனிக்காரன் பண்ணது. நீயா பெட்டி வித்த?"

"பேரு என்னோடது."

"மெஷின் குடுத்தவங்க சும்மா இருப்பாங்களா? லேபைக் காலி பண்ணச் சொன்னா என்ன பண்ணுவ?"

"காலி பண்ணுவேன்" என்றார் மேடம்.

துறைத் தலைவர் பேனாவை மேசையில் போட்டார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, "ஏசி சரியாயிடுச்சு சார்" என்றேன். உண்மையில் சரியாகவில்லை. மேடத்தோடு வெளியே வந்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

சலவை அக்காவின் மேல்முறையீடு இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக விசாரணைக்கு வந்தது. அவருடைய வக்கீல் ரொம்ப உற்சாகமாக எங்கள் லேபுக்கு வந்தார். "மேடம், கம்பெனிக்காரனோட பெட்டி சரியில்ல, உங்க பெரிய மெஷின்ல வலி தெரியுதுன்னு சொல்லிடுங்க. கேஸ் முடிஞ்சுது."

"என் மெஷின்லயும் தெரியல."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னைக்கு இவங்களுக்காக நான் பொய் சொன்னா, நாளைக்கு ஊசி ஆடாத இன்னொருத்தங்க கதி? நான் உள்ளதைத்தான் சொல்வேன். அது போதாதுன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

வக்கீல் சலவை அக்காவைத் திரும்பிப் பார்த்தார், இந்த அம்மாவை விட்டுவிடலாம் என்பதுபோல். அக்கா தலையை ஆட்டினார். "டீச்சர் வரட்டும். பெட்டியைப் பார்க்காம என்னைப் பார்த்தது இவங்க ஒருத்தங்கதான்."

விசாரணை அன்று காலை மேடத்தின் வீட்டுக்குப் போனேன், காகிதச் சுருள்களை எடுத்துப்போக. மேடம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வார் மாட்டவில்லை. வீட்டுக்காரர் குனிந்து அதை மாட்டிவிட்டபடியே சொன்னார்: "பசங்க தப்பாப் போட்ட கணக்கை அவங்களே அடிச்சிட்டுத் திரும்பப் போட்டா, நான் மார்க் குறைச்சதே இல்ல. தெரியுமா?"

"அங்க இருக்குறது வாத்தியாருங்க இல்லைங்க."

"அவங்க கிடக்கிறாங்க, நீ போயிட்டு வா."

விசாரணை நடந்த அறையில் நீளமான ஒரு மேசை, ஓடாத ஒரு சுவர்க் கடிகாரம். சலவைக்கூடக் கம்பெனியின் வக்கீல் நல்ல குரல்வளம் உள்ளவர். பழைய கட்டுரையை உயர்த்திப் பிடித்தார்.

"பேராசிரியர் அவர்களே, இந்த வரி உங்களுடையதுதானே?"

"ஆமா."

"உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட வரி. சரிதானே?"

"காட்டுனாங்க. ஆனா வரி தப்பு."

அறையில் யாரோ இருமினார்கள். வக்கீல் புன்னகைத்தார். "அன்னைக்குச் சரின்னு எழுதினீங்க. இன்னைக்குத் தப்புங்கறீங்க. இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு இன்னைக்குச் சொன்னதும் தப்புன்னு சொல்வீங்களா?"

"தப்பா இருந்தா சொல்வேன். நீங்க?"

வக்கீலின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. "சரி, அப்படின்னா இந்தப் பெண்மணிக்கு வலி இருக்குன்னு உங்க கருவியால நிரூபிக்கமுடியுமா?"

"முடியாது. இல்லைன்னும் நிரூபிக்கமுடியாது. வலி இருக்கா இல்லையான்னு சொல்ற கருவி எதுவும் இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு வழிதான் இருக்கு."

"அது என்னன்னு சொல்லுங்களேன்."

"கேக்குறது. அவங்க அங்க உட்கார்ந்திருக்காங்க. இந்த ஆறு வருஷத்துல உங்க ஆளுங்க யாராவது அவங்களை உட்காரவச்சு முழுசாக் கேட்டீங்களா?"

"பொய் சொன்னா?"

"சில பேர் சொல்வாங்க. அதுக்காக உண்மை சொல்ற எல்லாரையும் பொய்யர்னு முத்திரை குத்த என் பேரைப் பயன்படுத்தாதீங்க. என் பேரை எடுங்க அந்தக் காகிதத்துல இருந்து. இப்பவே."

கடைசி வார்த்தை கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. விசாரணை அதிகாரி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த வயதான பெண், வக்கீலை உட்காரச் சொன்னார். பிறகு சலவை அக்காவைப் பார்த்து, "நீங்க வாங்கம்மா. காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்றார். அக்கா ஒன்றரை மணி நேரம் பேசினார். சட்டை மாட்டுவது எப்படி, காற்று அடித்தால் எப்படி, பக்கத்தில் ஆள் வந்து உட்கார்ந்தால் எப்படி. அந்த அறையில் அப்புறம் யாரும் இருமவில்லை.

பதினான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வலிமானிச் சோதனையை ஆதாரமாக ஏற்க முடியாது, இவருடைய வாக்குமூலமும் மருத்துவக் குறிப்புகளும் போதுமானவை என்று சொன்னார்கள். அக்காவுக்குச் சேரவேண்டியது சேர்ந்தது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு லேபுக்கு வந்த அவர், "ஜெயிச்சாச்சு டீச்சர். வலிக்கத்தான் செய்யுது" என்றார்.

"தெரியும்கா" என்றார் மேடம். நாற்காலியிலிருந்து எழுந்து, "உங்களை அலையவிட்டது நான்தான். என்னை மன்னிச்சிருங்க" என்றார். ஐந்து வார்த்தைதான். அதைச் சொல்ல அவருக்கு நான்கு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஆனால் அக்கா இந்தத் தீர்ப்பைக் கொண்டுவந்த லேப் அதற்குள் மூன்றாவது மாடியில் இல்லை. கருவிக் கம்பெனி தன் பெரிய கருவியைத் திரும்ப எடுத்துப்போய்விட்டது. துறைத் தலைவர் அறையையும் எடுத்துக்கொண்டார். எங்களுக்குக் கிடைத்தது தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த அறை. வகுப்பு மணி அடித்தால் தலைக்கு மேலே இருநூறு கால்கள் தடதடக்கும். பழைய கருவியை அங்கே இயக்கிப் பார்த்தேன். யாருக்கும் வலிக்காமலே ஊசி ஆடியது. "பாருங்க மேடம், படிக்கட்டுக்கு வலிக்குது" என்றேன். அன்றுதான் அவர் பல நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'வலி ஆய்வகம்' என்று எழுதி, அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கதவுக்கு மேலே ஆணி அடித்தார். சேமிப்பு அறைக்குப் பெயர்ப்பலகை வைக்க அனுமதியில்லை என்று அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அவர் அந்தக் குறிப்பையும் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார்.

வலிமானி பயன்படுத்துகிற ஒவ்வொரு அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினார். முப்பத்தொரு கடிதம். நான்கு பதில் வந்தது. ஒன்றில், உங்கள் பழைய கட்டுரையே எங்களுக்குப் போதும் என்று எழுதியிருந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு மட்டும் அவர் மாதம் தவறாமல் ஒரு கடிதம் போட்டார். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், இன்னும் அது தவறுதான்." இருபத்தேழாவது கடிதத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

சலவை அக்கா புதன்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. வலியைப் பற்றிக் கேட்கிற கேள்வித்தாள் ஒன்றை மேடம் அப்போது தயார்செய்துகொண்டிருந்தார். அதை முதலில் படித்துக் கிழித்தவர் அவர்தான்.

"'தாங்கமுடியாத வலி'ன்னு போட்டிருக்கீங்க. தாங்கிக்கிட்டுத்தானே டீச்சர் பஸ் ஏறி வந்திருக்கேன்? இதுல எப்படி டிக் அடிப்பேன்?"

"சரி, அடிச்சிடுறேன். வேற?"

"'கூர்மையான', 'மந்தமான'. இது என்ன, கத்திக்குச் சொல்றதா, மாணவனுக்குச் சொல்றதா? யாரு இப்படிப் பேசுறாங்க?"

"நீங்க எப்படிச் சொல்வீங்க?"

"எனக்குத் திகுதிகுன்னு எரியும். மழை வந்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். பஞ்சு பட்டா சுரீர்னு ஏறும்."

மேடம் கேள்வித்தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். அடுத்த மூன்று வருடம், வலிக்காரர்கள் தங்கள் வாயால் சொன்ன வார்த்தைகளை மட்டுமே சேகரித்தார். குடைச்சல், உளைச்சல், கடுகடுப்பு, பிடுங்கல், வெட்டி வெட்டி இழுக்கிறது, மதமதவென்று கிடக்கிறது, நமநமவென்று ஊர்கிறது. எந்த வார்த்தையை எந்த வலிக்காரர் சொல்கிறார் என்று வகைப்படுத்திப் பார்த்தபோது, முகநரம்பு வலிக்காரர்களும் முதுகுவலிக்காரர்களும் வார்த்தையிலேயே பிரிந்து நின்றார்கள். ஊசி காட்டாததை வாய் காட்டியது. அந்த வார்த்தைப் பட்டியல்தான் இன்று பல மருத்துவமனைகளில் புறநோயாளிச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. அதற்காக வெளிநாட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

மேடம் ஓய்வு பெறும் நாளன்று விழா நடந்தது. புதிய துறைத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் பழைய வரலாறு தெரியாதவர். பாராட்டுப் பத்திரத்தில் 'உலகப் புகழ்பெற்ற முதல் கட்டுரை' என்று புகழ்ந்து எழுதி, உரக்கப் படித்தும் விட்டார். கைதட்டினார்கள். மேடம் ஒலிபெருக்கியின் உயரத்தைத் தன் வாய்க்குச் சரிசெய்தார்.

"அந்தக் கட்டுரை தப்பு. இங்க இருக்கிற மாணவர்கள் யாராவது அதைப் படிச்சிருந்தா, அடுத்ததையும் படிங்க. பூமாலைக்கு நன்றி. அந்தப் பத்திரத்தைத் திருத்திக் குடுத்தா வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய பத்திரம் வீட்டுக்கு வந்தது. அதிலும் ஓர் எழுத்துப்பிழை. அதை மட்டும் விட்டுவிட்டார்.

இப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. செவ்வாயும் வெள்ளியும் பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியில், எலும்பு டாக்டர் அறைக்கும் மருந்தகத்துக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். சம்பளம் கிடையாது. வலிக்காரர்களிடம் பேசி, அவர்கள் சொல்வதை எழுதி டாக்டர்களுக்கு அனுப்புவது வேலை. போன வெள்ளிக்கிழமை என் முழங்காலைக் காட்டப் போனவன், அவருக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எலும்பு அறுவை நிபுணர் ஒருவர் ஒரு கட்டிட மேஸ்திரியை ஒரு சீட்டோடு அனுப்பியிருந்தார். 'நடிப்பா என்று பார்க்கவும்' என்று சீட்டில் இருந்தது. மேடம் மேஸ்திரியோடு முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு அதே சீட்டின் கீழே எழுதினார்: "அதைப் பார்க்க எனக்குத் தெரியாது. பேசினேன். இடுப்பிலிருந்து குதிகால்வரை இழுக்கிறது, இருமினால் மின்னல்போல் வெட்டுகிறது. தயவுசெய்து மறுபடி பாருங்கள்."

பத்து நிமிடத்தில் அந்த நிபுணரே சீட்டோடு வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"மேடம், நான் ஸ்கேன் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல. நீங்க ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதுனா போதும்."

"ஒரு வார்த்தையில எழுதி ஒருதடவை பட்டாச்சுங்க. உட்காருங்க, அவர் சொன்னதைச் சொல்றேன்."

"எனக்கு வெளியில முப்பது பேர் இருக்காங்க."

"எனக்கும் இருக்காங்க. நின்னுக்கிட்டே கேக்குறதானாலும் கேளுங்க."

அவர் நின்றுகொண்டே கேட்டார். முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. 'இருமினால் வெட்டுகிறது' என்று மேடம் படித்தபோது, "இருமினாலா? என்கிட்ட சொல்லலையே" என்றார். பெஞ்சில் இருந்த மேஸ்திரி, "நீங்க கேக்கல சார்" என்றார்.

நிபுணர் சீட்டை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, மேஸ்திரியைத் தன் அறைக்கு வரச்சொல்லி நடந்தார். மேஸ்திரி சுவரைப் பிடித்து எழுந்து அவர் பின்னால் போனார். மேடம் அவர்கள் போவதைப் பார்க்கக்கூட இல்லை. புதுக் காகிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாங்க மெக்கானிக். முழங்கால் எப்படி வலிக்குது? 'நல்லா வலிக்குது'ன்னு மட்டும் சொல்லாதீங்க."